முன்னூறு பிரதிகளின் பாதை: சுயாதீன நடன இசை லேபிள்களை முன்வைத்து

டெக்னோ, ஹவுஸ், ஜங்கிள், டப்ஸ்டெப், ஃபுட்வொர்க் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இந்த இசை வெளிவரும் விதம் மட்டும் நாற்பது ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. ஓர் ஊரில் இரண்டு மூன்று நண்பர்கள், படுக்கையறையில் சில பழைய இயந்திரங்கள், கைக்காசைப் போட்டு அச்சிட்ட முன்னூறு அல்லது ஐந்நூறு பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுகள். தட்டின் நடுவில் ஒரு சின்ன முத்திரை இருக்கும். பல நேரங்களில் அதுவும் இல்லாமல் வெறும் வெள்ளைத்தாள். பெரிய கம்பெனிகளின் பட்டியலிலோ வானொலியின் பகல்நேர ஒலிபரப்பிலோ இதற்கு இடம் கிடைப்பதில்லை. வாங்குபவர்களில் பெரும்பாலோர் டிஜேக்கள். அவர்கள் கைவழியாகத்தான் இது நடனத்தளத்தைச் சேர்கிறது.

இப்படி வரும் புதிய தட்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஓசையைப் பற்றியே எழுதுகிறார்கள். பாஸ் எப்படி உறுமுகிறது, டிரம் எங்கே விலகுகிறது, எந்தப் பழைய தட்டை நினைவூட்டுகிறது என்பதோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. இசையைச் செய்பவருக்கும் ஆடுபவருக்கும் இடையில் ஒரு பாதை இருக்கிறது: தட்டை வெட்டுமிடம், அச்சிடும் ஆலை, விநியோகஸ்தர், கடை, வானொலி, இன்றைக்கு இணையதளம். அந்தப் பாதை யார் கையில் இருக்கிறது? லேபிளின் ஆயுளையும் கலைஞரின் வருமானத்தையும், பல சமயம் இசையின் உருவத்தையுமே தீர்மானிப்பது இந்தக் கேள்விக்கான விடைதான் என்று நினைக்கிறேன். சிகாகோவில் தொடங்கி ஒவ்வோர் ஊராகப் பார்த்தால் இது தெளிவாகும்.

சிகாகோ: ஆலை முதலாளியின் காலம்

ஹவுஸ் இசை சிகாகோவின் கறுப்பின, ஒருபாலீர்ப்பு இளைஞர்களின் இரவு விடுதிகளில் பிறந்தது. ‘வேர்ஹவுஸ்’ விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ தட்டுகளை வெட்டி ஒட்டி நீட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு வளர்ந்த ஜெஸ்ஸி சாண்டர்ஸும் வின்ஸ் லாரன்ஸும் 1984இல் ‘ஆன் அண்ட் ஆன்’ என்ற தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். முதல் ஹவுஸ் தட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அதை அச்சிட்டது லாரி ஷெர்மன் என்பவரின் ஆலை. பையன்கள் பணத்தோடு வருவதையும், அச்சிட்ட தட்டுகள் உள்ளூர்க் கடைகளில் நிற்காமல் விற்றுப்போவதையும் பார்த்த ஷெர்மன் அதே ஆண்டு ‘டிராக்ஸ்’ என்ற லேபிளைத் தொடங்கினார்.

இயந்திரங்களின் கதையும் இதே காலத்தது. ரோலண்ட் நிறுவனம் 1981இல் வெளியிட்ட டிபி-303 தனியாக கிடார் பயில்பவருக்கு பாஸ் துணை வாசிக்கச் செய்யப்பட்ட சின்னப் பெட்டி. பாஸ் கிடார் போலவே ஒலிக்காததால் விலைபோகவில்லை. சுமார் பத்தாயிரம் பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றது; பெட்டிகள் பழைய சாமான் விலைக்கு வந்தன. அப்படி வந்த ஒன்றை ‘ஃபியூச்சர்’ என்ற மூவர் குழு வாங்கி, குமிழ்களைக் கண்டபடி திருகி, அது கிறீச்சிட்டுக் குழைவதைப் பதிவு செய்தது. அந்த நாடாவை ‘மியூசிக் பாக்ஸ்’ விடுதியில் ரான் ஹார்டி ஒரே இரவில் நான்கு முறை போட்டதாகவும், முதல் முறை தளத்தை விட்டு விலகியவர்கள் நான்காவது முறை வெறிகொண்டு ஆடியதாகவும் குழுவில் ஒருவரான டிஜே பியர் சொல்லிவந்திருக்கிறார். 1987இல் டிராக்ஸ் அதை ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்துதான் கிளைத்தது.

கண்டுபிடிப்பு கலைஞர்களுடையது, பாதை முதலாளியுடையது. ஆலையும் லேபிளும் ஒரே கையில் இருந்ததால் எத்தனை பிரதி அச்சானது என்பது கலைஞருக்குத் தெரிய வழியில்லை. பழைய தட்டுகளை உருக்கி அதே வினைலில் மறுபடி அச்சிட்டதால் பல டிராக்ஸ் தட்டுகள் புதிதாகப் பிரித்தபோதே கரகரத்தன. அந்தக் கரகரப்பைச் சேகரிப்பாளர்கள் இன்று ரசிக்கிறார்கள் என்பது வேறு கதை. ஹவுஸின் மூலவர்களில் ஒருவரான லாரி ஹேர்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் தங்களுக்கு உரிமைத்தொகை வரவில்லை என்று 2020இல் டிராக்ஸ்மீது வழக்குப் போட்டு, 2022இல் ஏற்பட்ட சமரசத்தில் தங்கள் பாடல்களின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். பாடல்கள் வெளிவந்ததற்கும் இதற்கும் இடையில் கழிந்தவை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். சுயாதீனம் என்ற சொல் மட்டுமே கலைஞரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இந்த இசையின் பிறந்த ஊரே முதல் சாட்சி.

டெட்ராய்ட்: பாதையைத் தாமே போட்டவர்கள்

சிகாகோவிலிருந்து காரில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் டெட்ராய்ட், இந்தப் பாடத்தை வேறு வழியில் கற்றிருந்தது. ஊரின் பெருமையான மோட்டவுன் நிறுவனம் 1972இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது இசைக்கலைஞர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். கார் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அங்கே 1981இல் ஹுவான் அட்கின்ஸ், ரிக் டேவிஸோடு சேர்ந்து ‘சைபோட்ரான்’ என்ற பெயரில் முதல் தட்டைத் தங்கள் சொந்த லேபிளான ‘டீப் ஸ்பேஸி’ல் வெளியிட்டார். பிறகு அட்கின்ஸ் 1985இல் ‘மெட்ரோப்ளெக்ஸ்’, அவருடைய பெல்வில் பள்ளித் தோழர்களில் டெரிக் மே 1986இல் ‘டிரான்ஸ்மாட்’, கெவின் சாண்டர்சன் 1987இல் ‘கேஎம்எஸ்’ என்று ஆளுக்கொரு லேபிள் தொடங்கினார்கள். மூன்றும் ஈஸ்டர்ன் மார்க்கெட் பகுதியில் அடுத்தடுத்த கட்டடங்களில் இயங்கின. 1988இல் லண்டனின் வர்ஜின் குழுமம் வெளியிட்ட தொகுப்பு ஒன்றுதான் டெக்னோ என்ற பெயரை உலகுக்குக் கொண்டுபோனது.

உலகத்துக்கான வழி வெளியூர்க் கம்பெனியின் கையில் இருந்ததைப் பார்த்து அடுத்த தலைமுறையான ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ ஒரு முடிவுக்கு வந்தது. மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கி, ராபர்ட் ஹூட் சேர்ந்துகொண்ட இந்தக் குழு, லேபிள் மட்டும் வைத்திருப்பது போதாது என்று கண்டது. 1992இல் ‘சப்மெர்ஜ்’ என்ற விநியோக நிறுவனம் உருவானது. டெட்ராய்ட்டின் சின்னஞ்சிறு லேபிள்கள் பலவும் அதன் வழியாக நேரடியாக ஐரோப்பிய, ஜப்பானியக் கடைகளுக்குத் தட்டுகளை அனுப்பின. கெல்லி ஹேண்ட் போன்றவர்கள் ஒற்றை ஆளாக லேபிள் நடத்தித் தாக்குப்பிடிக்க முடிந்த ஊராக டெட்ராய்ட் ஆனது.

1999இல் இந்த ஏற்பாடு சோதனைக்கு உள்ளானது. டிஜே ரொலாண்டோ அந்தக் குழுவுக்காகச் செய்த ‘நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்’ தட்டு உலகெங்கும் ஒலித்தது. சோனியின் ஜெர்மன் கிளை உரிமை கேட்டது; குழு மறுத்தது. உடனே அந்த நிறுவனம் இசையை அச்சு அசலாக வேறொருவரை வைத்து வாசிக்கவைத்து வெளியிட முனைந்தது. குழுவும் ரசிகர்களும் உலகம் முழுவதிலிருந்தும் மின்னஞ்சல்களாக அனுப்பி எதிர்த்தார்கள், சோனி பின்வாங்கியது. நீதிமன்றத்துக்குப் போய் வருடக்கணக்கில் வாதாடும் வசதி அந்தக் குழுவுக்கு இருந்திருக்காது. தட்டை வாங்கியவர்கள் யார், விற்ற கடைகள் எவை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்திருந்ததுதான் அவர்களுடைய பலம். சொந்த விநியோகம் தந்த பலம் அது.

டெட்ராய்ட்டில் இன்னொரு கண்ணியும் உள்ளூரிலேயே இருந்தது. ‘நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன்’ என்ற வெட்டுக்கூடத்தில் ரான் மர்ஃபி என்ற பொறியாளர் பழைய இயந்திரம் ஒன்றில் அந்த ஊரின் டெக்னோ தட்டுகளை வெட்டித் தந்தார். தட்டின் விளிம்பிலிருந்து நடுவுக்குப் போகும் பள்ளம் முடிவில் ஒரு வட்டமாகப் பூட்டிக்கொள்ளும். ஊசி அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். பாட்டு முடிந்த பின் வரும் இந்த வெற்று வட்டத்தையே இசையாக்கினால் என்ன? ஜெஃப் மில்ஸ் தன் ‘ஆக்ஸிஸ்’ லேபிளில் 1994இல் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ தட்டில் அப்படிப் பூட்டிய வட்டங்கள் வரிசையாக வெட்டப்பட்டன. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அந்த 1.8 வினாடிக்குள் நான்கு பீட்கள் அடங்கினால் வேகம் நிமிடத்துக்கு 133 பீட் என்று தானாகவே விழுந்துவிடும். டெக்னோவின் ஓட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும் வேகம் அது. டிஜே விரும்பும்வரை ஒரே வட்டம் ஓடும். பாதையின் ஒரு கண்ணி இசையின் உருவத்தையே எப்படி வரையறுக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வெட்டுபவரும் இசைப்பவரும் ஒரே ஊரில், பேசிக்கொள்ளும் தொலைவில் இருந்ததால் நடந்த காரியம் இது.

பெர்லின்: கடையும் வெட்டுக்கூடமும்

சுவர் விழுந்த அடுத்த மாதமே, 1989 டிசம்பரில், மார்க் எர்னஸ்டஸ் பெர்லினில் ‘ஹார்ட் வாக்ஸ்’ என்ற தட்டுக்கடையைத் திறந்தார். 1991 மார்ச்சில், ஒருகாலத்தில் வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் பெட்டக அறையாக இருந்த நிலவறையில் ‘ட்ரெஸோர்’ விடுதி திறந்தது. அதன் நிறுவனர் டிமிட்ரி ஹேகமான் தொடங்கிய லேபிளின் முதல் வெளியீடு, அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் ‘எக்ஸ்-101’ என்ற பெயரில் செய்த தட்டு. டெட்ராய்ட்டின் வெறிச்சோடிய ஆலைகளிலிருந்து பெர்லினின் கேட்பாரற்ற கட்டடங்களுக்கு இசை நேராக வந்து இறங்கியது. நடுவில் பெரிய கம்பெனி எதுவும் இல்லை.

எர்னஸ்டஸும் மொரிட்ஸ் வான் ஆஸ்வால்டும் 1993இல் ‘பேசிக் சேனல்’ என்ற லேபிளைத் தொடங்கி, அந்தப் பெயரில் ஒன்பது பன்னிரண்டு அங்குலத் தட்டுகள் வெளியிட்டார்கள். நேர்காணல் இல்லை, புகைப்படம் இல்லை. தட்டின் மேல் அச்சான எழுத்துகளே கலங்கி வாசிக்க முடியாதபடி இருக்கும். ஆனால் ஒலியின் தரத்தில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தொடக்கத் தட்டுகள் சில டெட்ராய்ட்டுக்குப் போய் ரான் மர்ஃபியின் கையால் வெட்டப்பட்டன. பிறகு சொந்த ஊரிலேயே அந்த வசதி வேண்டும் என்று 1995இல் ‘டப்ப்ளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங்’ என்ற வெட்டுக்கூடத்தை அமைத்தார்கள். கடை, லேபிள், வெட்டுக்கூடம் மூன்றும் ஒரே வட்டத்துக்குள் வந்தன. இதே தசாப்தத்தில் கொலோன் நகரில் ஒரு தட்டுக்கடையிலிருந்து வளர்ந்த ‘கொம்பாக்ட்’ கடை, லேபிள், விநியோகம் என்று மூன்று வேலையையும் சேர்த்துச் செய்தது.

ஹார்ட் வாக்ஸ் கடையின் இன்னொரு பங்களிப்பு அதன் ஒரு வரிக் குறிப்புகள். புதிதாக வரும் ஒவ்வொரு தட்டையும் கடைக்காரர்கள் கேட்டு நாலைந்து சொற்களில் எழுதி வைப்பார்கள். வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும் தட்டுகளில் எதைக் கையில் எடுப்பது என்று திணறும் டிஜேவுக்கு அந்த நாலு சொல் போதும். சுயாதீன லேபிள் உலகத்தில் விமர்சனம் என்பதன் மிகச் சுருக்கமான, ஒருவேளை மிகச் செல்வாக்கான வடிவம் அதுவே. 2024இல் ஜெர்மனி தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பெர்லினின் டெக்னோ கலாசாரத்தைச் சேர்த்துக்கொண்டது. அந்த மரபைத் தாங்கி நின்றவர்களில் கடைக்காரர்களும் வெட்டுக்கூடப் பொறியாளர்களும் உண்டு.

இங்கிலாந்து: அலைவரிசையும் அசிட்டேட்டும்

ஷெஃபீல்டில் 1989இல் ஒரு தட்டுக்கடையிலிருந்து தொடங்கியது ‘வார்ப்’. முதல் வெளியீட்டின் ஐந்நூறு பிரதிகளுக்கான பணம், வேலையற்றோர் சுயதொழில் தொடங்க அரசு தந்த உதவித்தொகையிலிருந்து வந்தது. தட்டுகளை இரவல் காரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய்ப் போட்டார்கள். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ வெளியீடுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உழைப்பின் தன்மையை விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே அந்த லேபிளின் ‘எல்எஃப்ஓ’ தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் பிடித்தது.

1994இல் பிரிட்டிஷ் அரசு குற்றவியல் சட்டம் ஒன்றின் மூலம் திறந்தவெளி ரேவ் கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தைப் போலீசுக்குத் தந்தது. தொடர்ந்து திரும்பத் திரும்ப வரும் பீட்கள் கொண்ட இசை என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். வார்ப் லேபிளின் ‘ஆட்டேக்கர்’ குழு அதே ஆண்டு ‘ஆன்டி’ என்ற தட்டை வெளியிட்டது. அதில் ஒரு பாட்டில் எந்த இரண்டு அளவையிலும் தாளம் ஒன்றுபோல் வராது. வருமானம் குடிமக்கள் உரிமைக்காகப் போராடும் அமைப்பு ஒன்றுக்குப் போனது. பெரிய கம்பெனியின் சட்டப்பிரிவு இதற்கு அனுமதி தந்திருக்குமா என்பது சந்தேகமே.

லண்டனில் பாதை வானொலி வழியாகப் போனது. உரிமம் இல்லாமல் அடுக்குமாடி உச்சிகளில் ஆன்டெனா கட்டி ஒலிபரப்பிய நிலையங்களே ஜங்கிளையும் கராஜையும் வளர்த்தன. 1994இல் அப்படித் தொடங்கிய ‘ரின்ஸ் எஃப்எம்’ 2010இல்தான் உரிமம் பெற்றது. தட்டு அச்சாகி வர மாதங்கள் ஆகும். டிஜேவுக்கோ புதுப்பாட்டு வெள்ளிக்கிழமையே வேண்டும். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம் மரபிலிருந்து வந்த தீர்வு டப்ப்ளேட். அசிட்டேட் எனப்படும், லாக்கர் பூசிய ஒற்றைத் தகட்டில் பாட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் அது தேயும். சில டஜன் முறைக்கு மேல் தாங்காது. தெற்கு லண்டனின் டப்ஸ்டெப்காரர்கள் ‘டிரான்சிஷன்’ வெட்டுக்கூடத்தில் இப்படி வெட்டிய தகடுகளை மாதக்கணக்கில் நடனத்தளத்தில் சோதித்த பிறகே ‘டிஎம்இசட்’ போன்ற லேபிள்களில் தட்டாக வெளியிட்டார்கள். வெளியீடு என்பது முதல் கட்டமாக இல்லாமல் கடைசிக் கட்டமாக இருந்தது.

ஸ்டீவ் குட்மன், டிஜே பெயரில் கோட் நைன், 2004இல் தொடங்கிய ‘ஹைப்பர்டப்’ இந்தச் சூழலின் குழந்தை. அதில் வெளிவந்த பரியலின் ‘அன்ட்ரூ’ ஆல்பம் 2008இல் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோது இசையமைத்தவர் யார் என்று பத்திரிகைகள் துப்புத் துலக்கின. அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மறைந்துகொண்டார். இன்றும் மேடையேறுவதில்லை. தன் கலைஞரைச் சந்தைக்கு இழுத்துவராமல் காத்து நிற்க லேபிளுக்கு முடிந்தது.

இந்த லண்டனில்தான் ஈழத்தமிழ்ப் பெண் ஒருவரும் நுழைகிறார். மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 பெட்டியில் செய்த ‘கலங்’ பாட்டு 2003இல் ‘ஷோபிஸ்’ என்ற சிறு லேபிளில் ஐந்நூறு பிரதிகளாக அச்சானது. டிஜேக்களும் இணையமும் அதைத் தூக்கிக்கொண்டு போனபிறகுதான் ‘எக்ஸ்எல்’ அவரை ஒப்பந்தம் செய்தது. 2005இல் ‘அருளர்’ ஆல்பம் வந்தது. ஐந்நூறு பிரதிகளால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவருக்கு இது ஒரு பதில்.

ஒரு புதுத் தட்டின் செலவு

புதுத் தட்டு ஒன்று வெளிவர என்னென்ன நடக்க வேண்டும் என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். கோப்பு மாஸ்டரிங் பொறியாளரிடம் போகிறது. அவர் பாஸ் ஒலியை இடம் வலமாகச் சிதறவிடாமல் நடுவில் நிறுத்துகிறார். இல்லையென்றால் ஊசி துள்ளிவிடும். பிறகு அலுமினிய வட்டின்மேல் லாக்கர் பூசிய தகட்டில் பள்ளம் வெட்டப்படுகிறது. பாஸ் அதிகமானால் பள்ளம் அகலமாகும், பள்ளம் அகலமானால் நேரம் குறையும். பக்கத்துக்கு ஒரே பாட்டாக, நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் வெட்டும் பழக்கம் இதனால் வந்ததுதான். வெட்டிய தகட்டில் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாமை வளர்த்து, உரித்து, அச்சுத்தகடு எடுக்கிறார்கள். சோதனைப் பிரதிகள் சில வரும். லேபிள்காரர் அவற்றைக் கேட்டு ஒப்புதல் தந்த பிறகே ஆலை முழு அச்சையும் தொடங்கும்.

வெட்டு, முலாம், சோதனைப் பிரதி மூன்றின் செலவும் நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நிறைய அச்சிட்டால் பிரதிக்கு ஆகும் செலவு குறையும். விற்காவிட்டால் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். முன்னூறு பிரதி லேபிளுக்குப் பெரும்பாலும் கடைசி சில டஜன் பிரதிகளில்தான் லாபம் இருக்கிறது. விநியோகஸ்தர் அச்சுச் செலவை முன்பணமாகப் போட்டு விற்பனையில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. காசில்லாமல் லேபிள் தொடங்க அது உதவும். விநியோகஸ்தர் விழுந்தால் லேபிளும் சேர்ந்து விழும். 2008 டிசம்பரில் பிரிட்டனின் பெரிய சுயாதீன விநியோக நிறுவனமான பினக்கிள் திவாலானபோது பல சிறு லேபிள்களின் தட்டுகளும் வரவேண்டிய பணமும் அதற்குள் மாட்டிக்கொண்டன.

இந்தச் சங்கிலியின் பலவீனம் 2020 பிப்ரவரியில் எல்லாருக்கும் தெரிந்தது. லாக்கர் தகடுகள் செய்யும் ஆலைகள் உலகில் இரண்டே இரண்டு இருந்தன. கலிஃபோர்னியாவில் இருந்த ‘அப்பல்லோ மாஸ்டர்ஸ்’ தீயில் எரிந்துபோக, மிஞ்சியது ஜப்பானில் இருக்கும் ஓர் ஆலை. பின்னாலேயே கொரோனா வந்தது. வீட்டில் அடைந்தவர்கள் வினைல் வாங்கத் தொடங்கினார்கள். 2022இல் அமெரிக்காவில் 1987க்குப் பிறகு முதன்முறையாக வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் சிடியை முந்தின. பெரிய கம்பெனிகள் பாப் ஆல்பங்களை லட்சக்கணக்கில் அச்சிட ஆலைகளின் வரிசையில் வந்து நின்றன. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் வினைல் செத்துவிட்டது என்று எல்லாரும் கைவிட்டபோது ஆலைகளுக்கு வேலை கொடுத்துக் காப்பாற்றியவை நடன இசை லேபிள்கள். அவையே அப்போது முன்னூறு பிரதிக்கு ஓராண்டு காத்திருந்தன.

கோப்பின் காலம்

இணையம் வந்தபோது இந்தப் பாதைச் சிக்கலெல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. 2001இல் பயோனியர், டிஜேக்கள் சிடியைத் தட்டுபோலக் கையாள உதவும் சிடிஜே-1000 பெட்டியை வெளியிட்டது. 2004இல் டென்வரில் ‘பீட்போர்ட்’ என்ற இணையக் கடை தொடங்கியது. அச்சுக்கூலி இல்லை, தபால் செலவு இல்லை. ஆனால் கடை என்றால் முதலாளியும் உண்டு. 2013இல் எஸ்எஃப்எக்ஸ் என்ற திருவிழா நிறுவனம் பீட்போர்ட்டை வாங்கியது. 2015இல் தாய் நிறுவனத்தின் பணச் சிக்கலால் லேபிள்களுக்குச் சேர வேண்டிய தொகை சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. 2016இல் எஸ்எஃப்எக்ஸ் திவால்நிலையை அறிவித்தது. பாட்டு விற்றுவிட்டது, பணம் வேறொருவர் கணக்கில். பினக்கிள் கதை மறுபடி நடந்தது.

ஸ்ட்ரீமிங் தளங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணமே கிடையாது. நடனத்தளத்துக்காகச் செய்த ஏழு நிமிட டிரம் தட்டு வீட்டில் ஹெட்போனில் கேட்கப்படுவதற்கானது அல்ல. அந்தக் கணக்கில் அது தோற்பது இயல்பு.

‘பேண்ட்கேம்ப்’ இதற்கு மாற்றாக வந்தது. 2008இல் தொடங்கிய இந்தத் தளம் கோப்பு விற்பனையில் 15 சதவீதமும் தட்டு, கேசட் போன்ற பொருள்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. மீதியில் பெரும்பகுதி நேராக லேபிளுக்கு வருகிறது. வாங்கியவரின் மின்னஞ்சலும் வருகிறது. சப்மெர்ஜுக்கு இருந்த அதே பலம். 2020 மார்ச் 20 அன்று தன் பங்கை விட்டுக்கொடுத்து நடத்திய முதல் ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’யில் மட்டும் 43 லட்சம் டாலருக்கு விற்பனையானது. ஆனால் 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் அதை வாங்கியது. ஒன்றரை ஆண்டில் சாங்டிராடர் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. பணியாளர்களில் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். தளம் இன்றும் இயங்குகிறது. உலகின் சிறு லேபிள்களில் பெரும்பகுதி நிற்கும் தரை இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முறை விலைபோனது என்பது மறக்கக்கூடியதல்ல. 2024இல் சுயாதீன விநியோகத்தில் பெயர்பெற்ற ‘பியாஸ்’ குழுமமும் யுனிவர்சல் கைக்கு முழுமையாகப் போனது.

நடனத்தளத்திலிருந்தே பணம் திருப்பும் முயற்சியும் நடந்தது. டிவிஎஸ்1 என்ற டிஜே 2022இல் தொடங்கிய ‘அஸ்லைஸ்’ திட்டத்தில் டிஜேக்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை அன்றிரவு வாசித்த பாட்டுகளின் உரிமையாளர்களுக்குப் பிரித்துத் தரலாம். போதிய டிஜேக்கள் சேராததால் 2024இல் அது மூடப்பட்டது. தட்டு போடுபவருக்கு ஒரு இரவில் கிடைப்பது தட்டு செய்தவருக்கு ஓராண்டிலும் கிடைப்பதில்லை என்ற முரணை யாரும் மறுக்கவில்லை. தீர்க்க முன்வந்தவர்கள்தான் குறைவு.

புதிய ஊர்கள்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் மிகப் புதிய ஒலிகள் வந்தது பழைய தலைநகரங்களிலிருந்து அல்ல. 2011இல் லிஸ்பனில் தொடங்கிய ‘ப்ரின்சிப்பி’ லேபிள், அங்கோலா, கேப் வெர்ட் பூர்விகம் கொண்ட புறநகர் இளைஞர்கள் கணினியில் செய்த கோணல்மாணலான தாளங்களை வெளியிடுகிறது. ஒவ்வொரு தட்டின் உறையும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து ‘ன்யெகே ன்யெகே டேப்ஸ்’, தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் தெருக்களில் நிமிடத்துக்கு 200 பீட்டைத் தாண்டி ஓடும் சிங்கேலி இசையை 2017இல் ‘சவுண்ட்ஸ் ஆஃப் சிஸ்ஸோ’ தொகுப்பாக உலகுக்குக் காட்டியது. சிகாகோவின் ஃபுட்வொர்க்கையும் 2010இல் வெளியே கொண்டுவந்தது ‘ப்ளானட் மியூ’ என்ற பிரிட்டிஷ் லேபிள்தான்.

இங்கே கேள்வி கூர்மையாகிறது. ஒலி தெற்கிலிருந்து வருகிறது. வாங்குபவர், எழுதுபவர், திருவிழாவுக்கு அழைப்பவர் பெரும்பாலும் ஐரோப்பியர். தார் எஸ் ஸலாம் சிறுவன் செய்து, அவன் ஊரில் மெமரி கார்டில் இலவசமாகப் பரவும் அதே பாட்டுக்கு பெர்லினில் தட்டு விலை உண்டு. லேபிள் நேர்மையாக இருந்தாலும் பாதையின் சாய்வு அப்படியே இருக்கிறது. ப்ரின்சிப்பி லிஸ்பனிலேயே தொடர்ந்து இரவு நிகழ்ச்சி நடத்தி, இசைத்தவர்களைச் சொந்த ஊர் நடனத்தளத்தில் நிறுத்தியது. இந்தச் சாய்வைச் சரிசெய்ய நான் அறிந்தவற்றுள் பலனளித்த வழி அதுதான்.

இதன் மறுபக்கத்தை இந்தியாவில் பார்க்கலாம். இந்தித் திரையிசையில் வாத்தியக்காரராக இருந்த சரண்ஜித் சிங் 1982இல் டிபி-303, டிஆர்-808 பெட்டிகளை வைத்து டிஸ்கோ பீட்டில் பத்து ராகங்கள் வாசித்த ஆல்பத்தை எச்எம்வி வெளியிட்டது. நாட்டிலேயே பெரிய விநியோகப் பாதை அந்தக் கம்பெனியுடையது. ஆனாலும் ஆல்பம் கவனிப்பாரின்றிப் போனது. 2010இல் ‘பாம்பே கனெக்ஷன்’ என்ற சிறு டச்சு லேபிள் மறுபடி வெளியிட்டபோது, ஆசிட் ஹவுஸுக்கு முன்பே இப்படி ஒன்றா என்று உலகம் வியந்தது. முதுமையில் அவர் அந்த ராகங்களை வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். பாதை எவ்வளவு அகலமானாலும் அது எந்தத் தளத்துக்குப் போகிறது என்று தெரிந்தவர் இல்லாவிட்டால் பயனில்லை.

மதிப்பீடு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சுயாதீன லேபிள் செய்யும் வேலை மூன்று. எண்ணற்ற கோப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்து, இதைக் கேளுங்கள் என்று தன் பெயரைப் பணயம் வைக்கிறது. அச்சுச் செலவின் அபாயத்தைத் தாங்குகிறது. இசையைச் சரியான தளத்தில் கொண்டு சேர்க்கிறது. முதல் இரண்டையும் ஆர்வம் உள்ள எவரும் செய்துவிடலாம். மூன்றாவதில்தான் பெரும்பாலான லேபிள்கள் உடைகின்றன. நீண்டகாலம் நிலைத்தவற்றை எண்ணிப் பார்த்தால் சப்மெர்ஜ், ஹார்ட் வாக்ஸ் வட்டம், கொம்பாக்ட் என ஒவ்வொன்றும் பாதையின் ஏதோ ஒரு கண்ணியையாவது சொந்தமாக வைத்திருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். செலவு போக ஆளுக்குப் பாதி என்ற வாய்வழி ஒப்பந்தம் இந்த உலகில் சாதாரணம். நட்பு இருக்கும்வரை அது அழகு. நட்பு முறிந்தால் டிராக்ஸ் கதைதான். இந்தத் துறையில் கணக்கு அறிக்கை கேட்பதே அநாகரிகம் என்பதுபோல ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. எத்தனை அச்சிட்டோம், எத்தனை விற்றது, உரிமை எத்தனை ஆண்டுக்கு என்ற மூன்று வரியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வக்கீல் தேவையில்லை. அதைச் செய்யாத லேபிள் தன்னை அண்டர்கிரவுண்ட் என்று சொல்லிக்கொள்வதால் மட்டும் கம்பெனிகளைவிட மேலானதாகிவிடாது.

ஆகவே புதிய வெளியீடுகளை மதிப்பிடும் விமர்சகர் ஓசையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எங்கே வெட்டினார்கள், யார் விநியோகிக்கிறார்கள், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் அந்தத் தட்டைப் பற்றிய செய்திதான். வாங்குபவருக்கும் தேர்வு உண்டு: லேபிளின் சொந்தப் பக்கத்திலோ அது நம்பும் கடையிலோ வாங்கும் ஒரு பிரதி, ஆயிரம் முறை கேட்பதைவிட அதிகம் செய்யும். இயந்திரங்கள் மலிந்துவிட்டன, இசை செய்ய இன்று ஒரு மடிக்கணினி போதும். மலியாதது பாதை. அடுத்த பத்தாண்டில் எந்த ஊர் புதிய ஒலியைத் தரும் என்று கணிக்க விரும்புபவர், இளைஞர்கள் எங்கே நல்ல பீட் செய்கிறார்கள் என்று தேடுவதைவிட, எங்கே தங்களுக்கென்று ஒரு கடையும் ஒரு வெட்டுக்கூடமும் ஒரு வார இரவும் கட்டிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது மேல்.